விளக்கு வைப்பதற்குள் ஓர் ஆட்டம்

அன்றைக்கு வாசகசாலை மாடியில் யார் யார் இருந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். கேரம் பலகை அறையின் நடுவில் முக்காலியின் மேல் இருந்தது. கிழக்கே பார்த்து ஸ்ரீபாலன். அவனுக்கு எதிரே, மேற்கே பார்த்து, அவனுடைய ஜோடி உமாபதி. வடக்கிலும் தெற்கிலும் செவிலிமேட்டு அண்ணன் தம்பிகள். அண்ணன் பெயர் அர்ஜுனன். தம்பியை எல்லோரும் தம்பி என்றே கூப்பிட்டார்கள். மூலையில் மடக்கு நாற்காலியில் வாசகசாலைச் செயலாளர் சிட்டிபாபு, மடியில் சிலேட்டு. சுவரோரப் பெஞ்சில், பத்திரிகை படிக்க வந்து படிக்காமல் ஆட்டம் பார்த்தவர்கள் சிலர். வேலாயுதம் என்கிற நான் போரிக் பவுடர் டப்பாவை வைத்துக்கொண்டு உமாபதியின் முதுகுக்குப் பின்னால் தரையில்.

இந்த இடங்களை முடிவு செய்தவன் உமாபதி. மேற்கு ஜன்னல் ஸ்ரீபாலனுக்கு முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினான். ஜன்னல் எதிரே இருந்தால் ஸ்ரீபாலன் காயினைப் பார்க்கமாட்டான், சூரியனைத்தான் பார்ப்பான்.

ஸ்ரீபாலன் நயினார், அதாவது தமிழ் ஜைனர் வீட்டுப் பிள்ளை. ஜைனர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுவதில்லை, தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அவனுக்கு ஊர் வந்தவாசிப் பக்கம். திருப்பருத்திக்குன்றத்தில் அத்தை வீட்டில் தங்கி எங்களோடு பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் என்பது எங்களுக்குத் தொடங்குகிற நேரத்தில் அவனுக்கு முடிந்துவிடும். கடைத்தெருப் பக்கம் நடந்துகொண்டிருப்போம், பாதிப் பேச்சில் காணாமல் போவான். கேரம் ஆடிக்கொண்டிருப்போம், கோபுரத்து உச்சியில் வெயில் மஞ்சளானதும் எழுந்துவிடுவான். அவனுடைய காயின்களை நான் ஆடி முடிப்பேன், பெரும்பாலும் தோற்பேன்.

உமாபதிக்கு நேர்மாறான கஷ்டம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவனுடையது. மார்கழி விடுமுறை வந்ததும் அவன் அப்பா அவனைத் தறியில் உட்கார வைத்துவிட்டார். "காலேஜுதான் லீவு வுட்டான், தறி லீவு வுடல" என்பது அவர் சொன்ன ஒரே காரணம். தறிக்கு லீவு அமாவாசை அன்றைக்கு மட்டும்தான். மற்ற நாளெல்லாம் விடிந்ததும் குழியில் கால் வைத்தால், வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்திருக்க முடியும். ஆக, அவன் எழுந்திருப்பதற்கும் ஸ்ரீபாலன் எழுந்து போவதற்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச நேரம்தான் அந்த ஜோடியின் ஆட்ட நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆடியே வாசகசாலைப் போட்டியில் அரையிறுதிவரை வந்துவிட்டார்கள் என்றால், எவ்வளவு நன்றாக ஆடினார்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அரையிறுதி அன்றைக்கு உமாபதி முந்தியில் மாட்டிக்கொண்டான். சேலையின் முந்தி நெய்ய ஆரம்பித்துவிட்டால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அவன் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தபோது சிட்டிபாபு சிலேட்டில், ஆடாமலே எதிர் ஜோடிக்கு வெற்றி என்று, வாக்கோவர் எழுதப் போயிருந்தார். ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டம் தொடங்கும்போது ஸ்ரீபாலனின் முழங்கால் ஆட ஆரம்பித்தது.

ஜன்னலை முதுகுப் பக்கம் தள்ளின உமாபதி, ஜன்னல் வெயில் எதிர்ச் சுவரில் விழும் என்பதை யோசிக்கவில்லை. சதுர வெயில் முதலில் என் தலைக்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு காலண்டருக்கு ஏறியது. ஒவ்வொரு முறை ஸ்டிரைக்கரை வைத்துவிட்டும் ஸ்ரீபாலன் அதைத்தான் பார்த்தான்.

"காயினப் பாருபா," என்றான் உமாபதி.

"பாக்கறேன்."

"எங்க பாக்கற? செவுத்தப் பாத்துக்கினு கீற."

அர்ஜுனன் சிரித்தான். "நயினாருக்கு நேரமாச்சி. போயி சாப்ட்டுட்டு வரட்டும்பா. நாங்க இங்கியே பட்த்துக்கினு இருக்கறோம்."

"அதெல்லாம் ரூல்ல லேது," என்றார் சிட்டிபாபு. சரிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை; பேசுகிற தமிழில் பாதி தெலுங்காக இருக்கும். "ஆட்டத்துக்கு நடுவுல எழுந்தா வாக்கோவர். அந்தே."

சதுர வெயில் காலண்டரையும் தாண்டிச் சிவப்பாயிற்று. ஸ்ரீபாலன் பாதி எழுந்தேவிட்டான். உமாபதி அவனைப் போகாதே என்று சொல்லவில்லை. பலகையில் கிடந்த பவுடரை விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து நூல் பிடித்த விரல், நுனியில் அரக்குச் சாயம் ஏறியிருந்தது.

ஸ்ரீபாலன் உட்கார்ந்தான். "ஒரு வேள சாப்பிடலன்னா செத்தா பூடுவேன்? ஆடுபா," என்றான்.

அதற்குப் பிறகு அவன் முழங்கால் ஆடவில்லை. வெயில் சுவரை விட்டுப் போய், பல்பு போட்ட பிறகு, அவன் சிகப்புக் காயினை மூலைக்குள் அனுப்பி, கூடவே இன்னொரு காயினைப் போட்டு அதற்கு ஃபாலோவும் கொடுத்தான். தம்பி கையிலிருந்த ஸ்டிரைக்கரைப் பலகையில் வைத்துவிட்டு, "இன்னா ஆட்டம்பா இது," என்று அண்ணனைப் பார்த்தான். இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டோம். போய்விட்டோம் என்றுதான் எழுதுகிறேன். பவுடர் போட்டவனுக்கும் பங்கு உண்டு.

அங்கிருந்து தேரடிப் பக்கத்து ஓட்டலுக்குப் போனோம். நானும் உமாபதியும் தோசை சாப்பிட்டோம். ஸ்ரீபாலன் முன்னால் தண்ணீர் டம்ளர் மட்டும் இருந்தது. அதையும் தொடவில்லை.

"தண்ணி கூடவா?" என்று கேட்டான் உமாபதி.

"தண்ணியும்தான்."

"இன்னாபா நாயம் இது. கெலிச்சவன் பட்டினி. தோத்தவனுங்க செவிலிமேட்டுல போயி மீன் கொழம்பு ஊத்திச் சாப்புடுவானுங்க."

"நீ எனக்கும் சேத்துச் சாப்பிடு. நாளிக்கு உன் தெம்புல நான் ஆடிக்கிறேன்." அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். மேஜைமேல் உதிர்ந்து கிடந்த பொட்டுக்கடலையை ஒற்றை விரலால் சுண்டி உமாபதியின் தட்டில் சரியாக விழவைத்துக்கொண்டிருந்தான். ஒரு முழு ஆட்டம், ஓர் ஓட்டல், விளக்கு எரிகிற கடைத்தெரு எல்லாம் அவனுக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

சைக்கிள் என்னுடையது என்பதால் அவனைக் கொண்டுவிட நான் போனேன். வேகவதி ஆற்றைத் தாண்டி ஊருக்குள் நுழையும்போதே அவன் அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெயர் திரிசலா. ஸ்ரீபாலனுடைய அப்பாவின் கடைசித் தங்கை. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. அவனை அண்ணன் மகன் என்று நடத்தாமல் ஒரு சண்டைக்காரத் தம்பிபோல நடத்துவார்.

"வாடா ராசா. கெலிச்சியா?"

"கெலிச்சிட்டேன் அத்தை. நான்தான் ரெட்டு போட்டேன்."

"அப்பாடா. தோத்துட்டு வந்திருந்தா உள்ள வுட்டிருக்க மாட்டேன். வாப்பா வேலாயுதம், உக்காரு."

உள்ளே அவருடைய கணவர் அப்பாண்டை மாமா, மணிலாக்கொட்டை வியாபாரம், நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். "இவன் கெலிச்சான் சரி. இவன் கெலிச்சதுல தோத்தது யாருன்னு கேளுபா," என்று என்னிடம் சொன்னார்.

"நீங்க சும்மா இருங்க," என்றார் அத்தை.

"நான் இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? எனக்குப் பொழுதோட போட்டுட்டா, நான் சாப்ட்டேன். புள்ள வரல, வந்துடுவான் வந்துடுவான்னு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துக்கினு இருந்தா. பொழுது உழுந்துட்சி. சோறு பக்கத்து வூட்டு மாட்டுக்குப் போச்சி."

எனக்கு அதிலிருந்தும் முழுசாக விளங்கவில்லை. ஒரு வேளைதானே என்று நான் நினைத்தேன். ஸ்ரீபாலன் மட்டும் செருப்பை விட்ட இடத்திலேயே நின்றான். "நாளிக்கு இன்னா திதி?" என்று மெதுவாகக் கேட்டான்.

"சதுர்த்தசி," என்றார் மாமா.

சதுர்த்தசிக்குச் சதுர்த்தசி அத்தை உபவாசம் இருப்பார். அதற்கு முந்தின நாள் பொழுதோடு சாப்பிடுவதுதான் அவருக்குக் கடைசிச் சாப்பாடு. அதற்குப் பிறகு, உபவாசத்துக்கு மறுநாள் காலையில் விரதம் முடித்துச் சாப்பிடும் பாரணைதான். நடுவில் ஒன்றும் கிடையாது. இப்போது அந்தக் கடைசிச் சாப்பாடும் போய்விட்டது. தான் சாப்பிடாமல் இருப்பது தன்னோடு போகும் என்றுதான் ஸ்ரீபாலன் நினைத்திருந்தான். தான் உட்காராத இலைக்கு எதிரே இன்னொருத்தரும் உட்காரமாட்டார் என்பது அவனுக்கு வாசகசாலையில் தோன்றவில்லை.

"மூஞ்சிய ஏன்டா அப்படி வெச்சிக்கினு கீற?" என்றார் அத்தை. "உங்க மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. எனக்கு ஒண்ணும் பசிக்கல. போயி கால் கழுவு."

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று வாசகசாலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். எதிர் ஜோடி பெரிய காஞ்சிபுரத்து வாத்தியார்கள் இரண்டு பேர். போன வருஷமும் கோப்பை வாங்கியவர்கள். உமாபதி பழகவேண்டும் என்று துடித்தான். ஸ்ரீபாலனைக் காணோம். ஒரு நாள் வரவில்லை, சரி. மறுநாளும் வரவில்லை. உமாபதி தறியிலிருந்து எழுந்து வந்து வெறும் பலகையில் தனக்குத்தானே ஆடினான். தன் இடத்திலிருந்து ஒரு முறை, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து ஒரு முறை. பிறகு காயினை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலில் போய் நின்றான். பிறகு வந்து டப்பாவைத் திறந்து மூடினான். "எடு சைக்கிள," என்றான்.

நாங்கள் போனபோது திரிசலா அத்தை கூடத்தில் மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீபாலன் எதிரே உட்கார்ந்து உரித்த கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். சுட்டுவிரலும் கட்டைவிரலும் சேர்ந்து சுண்டப் போகும். போய், திரும்ப வந்துவிடும்.

"இன்னாடா, ஜுரமா?" என்றான் உமாபதி.

"இல்ல."

"அப்புறம் ஏன் வரல?"

ஸ்ரீபாலன் இன்னொரு கொட்டையை வரிசையில் வைத்தான். அத்தைதான் சொன்னார். "கேளுங்கபா நீங்களே. தொரை நியமம் எடுத்துட்டாரு. சதுர்த்தசி அன்னிக்கிக் காலையிலே கோயிலுக்குப் போயி, பகவான் முன்னால நின்னு, என்னோட அடுத்த சதுர்த்தசி உபவாசம் முடிஞ்சி பாரணை ஆவறவரிக்கும் கேரம் தொடறதில்லன்னு சொல்லிட்டு வந்துட்டான். என்னை ஒரு வார்த்த கேட்டானா?"

அடுத்த சதுர்த்தசி அமாவாசைக்கு முந்தின நாள். பாரணை அமாவாசை காலையில். ஞாயிற்றுக்கிழமை அதற்கு முன்னாலேயே வந்து போய்விடும்.

உமாபதிக்கு இது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "எதுக்குடா?" என்றான்.

"இவங்கள நான் பட்டினி போட்டேன் இல்ல."

"அதுக்கு பைனல் அன்னிக்கி முன்னாலியே சாப்ட்டுட்டு வர வேண்டியதுதானே?"

"அதத்தான் நானும் கேக்கறேன்," என்றார் அத்தை. ஒரு மொச்சைத் தோலை அவன் மேல் எறிந்தார். "மூணு மணிக்கு சோறு போடு அத்தன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன்? ரெண்டு பேரும் சாப்ட்டுட்டு, நானும் கூட வந்து உன் ஆட்டத்தப் பாத்திருப்பேன். இவனுக்கு அது தோணல. கோயிலுக்கு ஓடத் தோணிச்சி."

"அன்னிக்கி அது தோணல அத்தை."

"நியமத்த வுட்டுடக் கூடாதா? சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம் இல்ல?" என்று நான் கேட்டேன்.

அத்தை உரிப்பதை நிறுத்தினார். "எடுத்தது எடுத்ததுதான்பா. அதுல நானும் ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். அதுவரை இருந்த கிண்டல் அந்தக் குரலில் இல்லை.

உமாபதி சுவரில் சாய்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். "கேரம் காயினத் தொடமாட்ட. சரி. ஸ்டிரைக்கர் காயினு இல்லியே. நீ ஸ்டிரைக்கர் மட்டும் தொடு. கீழ உழற காயின நான் பொறுக்கறேன்."

"கேரமே தொடமாட்டேன்னு சொன்னேன்டா."

"எல்லாத்தயும் சேத்துச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ஏன்டா, உங்க சாமி முன்னால வாய் ஓயாம பேசிக்கினே இருந்தியா?"

அத்தை சிரித்துவிட்டார். ஸ்ரீபாலனும் சிரித்தான், ஆனால் அவன் கண் கலங்கியிருந்தது. உமாபதி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலையில் நானும் ஸ்ரீபாலனும் சிட்டிபாபுவின் சரிகைக் கடைக்குப் போனோம். உமாபதி தறியில் இருந்தான். இறுதி ஆட்டத்தை அமாவாசை அன்றைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டோம். அமாவாசை என்றால் உமாபதிக்கும் நாள் முழுக்க ஓய்வு. காலையில் பாரணை முடிந்தால் ஸ்ரீபாலனுக்கும் தடை இல்லை. சிட்டிபாபு தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரூல் இருக்குது நாயனா. ஆட்டத்தத் தள்ளி வெக்கணும்னா ரெண்டே காரணம். ஒண்ணு ஒடம்பு சரியில்ல, ரெண்டு வூட்ல சாவு. மூணாவது இல்ல. வாத்தியாருங்க ரூல் புஸ்தகத்த சட்டப் பையிலேயே வெச்சிக்கினு சுத்தறவங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஜுரம்னு ஒரு லெட்டர் எழுதிப் போட்டுடுங்க. டாக்டர் சீட்டெல்லாம் நான் கேக்கமாட்டேன். தபால்ல அனுப்புங்க. கையில குடுத்தா நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு கமிட்டில பேசுவாங்க."

"உள்ள காரணத்த எழுதினா?" என்று கேட்டான் ஸ்ரீபாலன்.

"உள்ளது இன்னா காரணம்?"

ஸ்ரீபாலன் சொன்னான். சிட்டிபாபு துடைத்த தட்டைத் தராசில் மாட்டினார். "நல்ல காரணம்தான். நானா இருந்தா சரின்னுவேன். கமிட்டில அஞ்சி பேரு. மத்தவங்க சிரிப்பாங்க. வாக்கோவர் குடுத்துட்டா அப்புறம் என்னை வந்து கேக்காத."

எங்கள் செட்டில் கடிதம் எழுதுகிற வேலை என்னுடையது. உயர்நிலைப் பள்ளியில் எங்கள் தமிழய்யா அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்ற வரிசையில் ஒன்று முன்பின் ஆனால் தாளையே திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் யார் லீவு லெட்டர் கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன். ஜுரம் எனக்குக் கைவந்த ஜுரம். அன்றைக்கு மத்தியானத்துக்குள், "நேற்று முதல் கடும் ஜுரத்தால் படுக்கையில் இருக்கும் எங்கள் ஜோடி திரு. ஸ்ரீபாலன் அவர்கள்" என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு எழுதி முடித்துவிட்டேன். எழுதினவனுக்கே இரக்கம் வரும்படி இருந்தது.

சாப்பாட்டுக்குத் தறி நிற்கிற நேரம் பார்த்து மூன்று பேரும் உமாபதி வீட்டில் சேர்ந்தோம். அவன் அப்பா உள்ளறையில் சாப்பிட்ட அசதியில் தூங்கிக்கொண்டிருந்தார். உமாபதி தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவன் சாப்பிட்ட தட்டு. எதிரே தரையில் நாங்கள். பாதி நெய்த சேலையின் மேல் வெள்ளைத் துணி மூடியிருந்தது. நான் தாழ்ந்த குரலில் கடிதத்தைப் படித்தேன்.

"சூப்பர்பா," என்றான் உமாபதி. "கேட்டா எனக்கே ஒடம்பு காயுது. கையெழுத்துப் போட்டுடு ஸ்ரீபாலா."

ஸ்ரீபாலன் பேனாவை வாங்கவில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா எனக்கு ஜுரம் இல்லியே."

"வரும். நான் ஒண்ணு வெச்சன்னா வரும்."

"வெளாட்டு இல்லடா. நியமத்துக்காகத்தானே நாள் கேக்கறோம். அதுக்குப் பொய் எழுதிட்டு, அன்னிக்கிக் காலையில அத்தகூட உக்காந்து பாரணை எப்படிப் பண்ணுவேன்? அவங்க கேப்பாங்க, எப்படிடா நாள் குடுத்தாங்கன்னு. நான் இன்னா சொல்றது?"

"கேட்டா சொல்லாத."

"கேட்டா சொல்லிடுவேன்டா. எனக்குத் தெரியும்."

உமாபதியின் கால் கீழே மிதிகட்டையை அழுத்தியது. குறுக்கே நூல் போடாத வெறும் ஓட்டம். தறி மேலே கிறீச்சென்று வாய் திறந்து மூடியது. மறுபடி அழுத்தினான்.

"உனக்கு அத்த கீறாங்க, கோயிலு கீது, நியமம் கீது," என்றான். சத்தம் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்தது. "எனக்கு இந்த லீவுல இன்னா கீது? காலையில இதுல எறங்கனா எதிர்ல செவுரு. சாயங்காலம் போர்டு ஒண்ணுதான். ரெண்டு வாரமா ராத்திரி கண்ண மூடினா காயினுதான் தெரியுது. ஒரு காகிதத்துல ரெண்டு எழுத்து, ஜுரம்னு போடறதுக்கு உனக்கு வலிக்குதா?"

ஸ்ரீபாலன் தலையைக் குனிந்துகொண்டான். "வேற ஜோடி போட்டுக்கடா. வேலாயுதம் ஆடட்டும். நான் எழுதிக் குடுத்துடறேன், நான் விலகிக்கறேன்னு."

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். இறுதி ஆட்டத்தில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய் லீவு லெட்டர்தான்.

உமாபதி என்னைப் பார்த்தான். என் விரல்களைப் பார்த்தான். "இவனா?" என்றான். "இவன் ஆடினா வாத்தியாருங்க எழுந்து போயி டீ சாப்ட்டுட்டு வந்து கெலிப்பாங்க."

உண்மைதான்.

தறி இன்னும் இரண்டு முறை கிறீச்சிட்டது. உள்ளறையில் அப்பா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. உமாபதி காலை எடுத்துவிட்டான். தட்டில் ஒட்டியிருந்த சோற்றை விரலால் ஓர் ஓரமாக ஒதுக்கினான். மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தான்.

"கிழிச்சிடுபா அத," என்றான்.

"எத?"

"ஜுரத்த. வேற எழுது. இவன் சொல்றத எழுது."

"வாக்கோவர் குடுத்துட்டா?" என்று கேட்டேன்.

"குடுத்தா குடுக்கட்டும். அன்னிக்கி நான் மாடி ஏறி வந்தப்ப இவன் எழுந்து போயிருக்கலாம் இல்ல? போனானா? முந்தியில மாட்டிக்கினு லேட்டா வந்தவன் நானு. அதுக்குப் பட்டினி இவனும் இவங்க அத்தையும்." ஸ்ரீபாலன் பக்கம் திரும்பினான். "ஆனா ஒண்ணு. இனிமே சாமி முன்னால வாயத் தொறக்கறதுக்கு முன்னால என்னை வந்து கேளு. எந்த நாளு மேட்சுன்னு நான் சொல்றேன்."

"சரிடா."

"சரிடாங்கறான் பாரு. எழுதுபா வேலாயுதம், அப்பா எழுந்துக்கப் போறாரு."

ஜுரத்தை நான்காகக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டேன். புதுத் தாள் எடுத்தேன். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் எல்லாம் தானாக வந்தன. அதற்குப் பிறகு பேனா நின்றுவிட்டது. இத்தனை கடிதம் எழுதியவனுக்கு, நடந்ததை நடந்தபடி எழுத எந்த வாக்கியமும் கையில் இல்லை. இரண்டு தடவை தொடங்கி அடித்தேன். மூன்றாவது தடவை இப்படி வந்தது:

"எங்களில் ஸ்ரீபாலன் தம் அத்தையார் பொருட்டு ஒரு நியமம் ஏற்றிருப்பதால் அமாவாசை காலை வரை கேரம் ஆட இயலாது. அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. எங்கள் வீடுகளில் யாரும் இறக்கவில்லை. தங்கள் விதிகளில் இதற்கு இடம் இல்லை என்பதை அறிவோம். ஆயினும் இறுதி ஆட்டத்தை அமாவாசை அன்று, கமிட்டியார் விரும்பும் எந்த நேரத்திலும் வைத்துக்கொள்ள அனுமதிக்குமாறு வேண்டுகிறோம். ஜோடி மாற்றிக்கொள்ள எங்களுக்கு விருப்பம் இல்லை."

கடைசி வரியை உமாபதி சொல்லச் சொல்ல எழுதினேன். அவன் இன்னும் ஒரு வரி வைத்திருந்தான். வாத்தியார்கள் பயந்து ஓடாதவர்களாக இருந்தால் தாங்களே சம்மதிப்பார்கள் என்று. அது வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் வாதம் செய்துவிட்டு விட்டுவிட்டான்.

ஸ்ரீபாலன் முதலில் கையெழுத்துப் போட்டான். உமாபதி அடுத்து. அவன் விரல் பட்ட இடத்தில் தாளின் ஓரம் லேசாகச் சிவந்தது. வேறு தாளில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். என் பழக்கம் அப்படி. "போதும்பா, மடிச்சிப் போடு," என்றான்.

உறை மழைக்காலத்தில் தானாக ஒட்டிக்கொண்டு, பிரித்து எடுத்தது; அதன் பசை பிடிக்கவில்லை. உமாபதி தட்டிலிருந்து இரண்டு சோற்றுப் பருக்கையை எடுத்துக் கொடுத்தான். அவற்றை நசுக்கித் தேய்த்து, மடிப்பை அழுத்தி, கட்டைவிரல் நகத்தால் ஓரம் முழுக்க ஒரு கோடு இழுத்தேன்.

"டேய், இன்னும் இன்னாடா பேச்சு, தறி சும்மா நிக்குது," என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"தோ, ஆச்சிப்பா," என்றான் உமாபதி. வெள்ளைத் துணியை விலக்கிக்கொண்டே, "சாயங்காலத் தபால் எடுப்புக்கு முன்னால போட்டுடுங்க. பொட்டி வாயில நிக்கப் போவுது, உள்ள தள்ளுங்க," என்றான்.

நானும் ஸ்ரீபாலனும் தெருமுனைவரை நடந்தோம். அவன் உறையை வாங்கி முகவரியை ஒரு தரம் படித்தான், திருப்பிப் பார்த்தான், ஒட்டின இடத்தை விரலால் தடவினான். பிறகு தபால் பெட்டியின் வாயில் வைத்து, மணிக்கட்டுவரை கையை விட்டுத் தள்ளினான். அது உள்ளே மற்றக் கடிதங்களின் மேல் விழுகிற சத்தம் கேட்டது. எங்கள் பின்னால் உமாபதியின் தறி ஓட ஆரம்பித்திருந்தது.